ஆ காட்டு

2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். 26 வாரம் என்றால் 182 நாள், ஏறக்குறைய ஆறு மாதம். உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வதும் ஆறு மாதம்தான். இரண்டு எண்களும் அழகாகப் பொருந்துகின்றன. பொருந்துவதில்தான் சிக்கல். அம்மா வேலைக்குத் திரும்பும் நாளும், குழந்தையின் வாயில் முதல் கவளம் போகும் நாளும் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன. சாஃப்ட்வேரில் நாங்கள் இப்படிச் செய்ய மாட்டோம். டேட்டாபேஸை மாற்றும் அன்றைக்கே சர்வரையும் மாற்றினால், ராத்திரி எது உடைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் இன்னும் கொஞ்சம் முன்னாடியே விழுந்தது. அந்த 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் ஏறியதால் என் மனைவி மூன்று வாரம் எடுத்துவிட்டாள். ஆக, 23 வாரக் குழந்தையை கிரெச்சில் விட்டோம். அப்பாக்களுக்குத் தனியார் துறையில் சட்டப்படி ஒன்றும் கிடையாது. மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள். என் கம்பெனி 5 நாள் கொடுத்தது, கூடவே பலூன் படம் போட்ட ஒரு மெயிலும்.

பாட்டிகள் இருவரும் இருக்கிறார்கள், ஆனால் இல்லை. நாகர்கோவிலில் அம்மாவால் அப்பாவைத் தனியாக விட்டு வர முடியாது; வாரம் இரண்டு டயாலிசிஸ். ஈரோட்டில் அத்தை, தன் மருமகளின் பிரசவத்துக்காகக் காத்திருந்தார். அதனால் இரண்டு ஊர்ச் சமையலும் போன் வழியாகத்தான் சோழிங்கநல்லூருக்கு வந்தன. அத்தை சொன்னது கேழ்வரகுப் பால்: ராத்திரி ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, கட்டி தட்டாமல் காய்ச்சவேண்டும். அம்மாவின் கட்சி ஏத்தங்காய்ப் பொடி. "பிள்ளைக்கு அதக் காய்ச்சிக் குடு மக்களே, ஒரு துண்டு கருப்பட்டி போட்டு. நீ அதக் குடிச்சுதான் வளந்த." குழந்தைகள் நல மருத்துவர் ஒரு வயதுவரை உப்பும் வேண்டாம், எந்த இனிப்பும் வேண்டாம், தேன் கூடவே கூடாது என்றார். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து சின்னக் குடலில் முளைத்து நஞ்சாகும், அது தெரியும். கருப்பட்டி விஷயத்தை அம்மாவிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "செரி, டாக்டரு படிச்சவரு" என்றார். அந்த "செரி"யில் சம்மதம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆறு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் கோயிலில் சோறூட்டினோம். நாக்கு நுனியில் ஒரு பருக்கைப் பாயசம். முகத்தை அப்படியே கோணினாள். எல்லோரும் சிரித்தோம், போட்டோவும் நன்றாக வந்தது. திங்கட்கிழமையிலிருந்து அதே முகச்சுளிப்பு எங்களுக்குப் பிரச்சினை ஆனது.

கிரெச்சுக்கு ஒரு ஆப் உண்டு. மகள் எத்தனை மணிக்குத் தூங்கினாள், டயப்பர் எப்போது மாற்றினார்கள், என்ன சாப்பிட்டாள் எல்லாம் வரும். முதல் வாரம்: "கேழ்வரகுக் கூழ், ஒரு ஸ்பூன், துப்பிவிட்டாள்." பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சோக முகம். இரண்டாம் வாரம்: "ஆப்பிள் மசியல், மறுத்துவிட்டாள்." மூன்றாம் வாரம் கேரட், பருப்புத் தண்ணீர், சர்க்கரைவள்ளி. சோக முகம் மட்டும் மாறவில்லை. என் மனைவி அந்த நோட்டிஃபிகேஷனுக்கு ஒரு தனிச் சத்தம் வைத்திருந்தாள். மீட்டிங்கில் அது அடித்தால் அவள் தோள் லேசாக எழும்பி இறங்கும் என்று அவளுடன் வேலை செய்யும் தோழி பின்னாளில் சொன்னாள்.

இங்கே கொஞ்சம் படித்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வாரங்களில் ராத்திரி எல்லாம் படிப்பதைத் தவிர வேறு எதுவும் என் கையில் இல்லை. பச்சைக் குழந்தையின் நாக்குக்கு ஒரு அனிச்சைச் செயல் உண்டு. கெட்டியாக எது பட்டாலும் வெளியே தள்ளும். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது மெல்ல மறையும், சிலருக்குக் கொஞ்சம் தாமதமாக. நாம் "துப்புகிறாள்" என்று எழுதுவதில் பாதி அந்த அனிச்சை. அடுத்து வயிறு. ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும் என்பது கணக்கு. என் மகள் அப்போது 6.9 கிலோ, ஆக 200 மில்லி சொச்சம். கிரெச்சின் எவர்சில்வர் கிண்ணம் 250 மில்லி. நிறைய நிறைய ஊற்றிக்கொண்டு வருவார்கள். ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேலே சாப்பாட்டிலிருந்து தேவைப்படுவது நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரிதான். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் ஆரம்பித்தால் போதும். அந்தக் கிண்ணத்தைப் பார்த்தால் எனக்கே வயிறு நிரம்பியது.

இன்னொன்று, ஒரு புதிய ருசியைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறை, சில சமயம் அதற்கு மேலும், அது நாக்கில் படவேண்டும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கிரெச்சின் மெனு அட்டையோ திங்கள் முதல் வெள்ளிவரை தினம் ஒன்று, பார்க்க வண்ணமயமாக இருக்கும். பெற்றோருக்குப் பிடிக்கும். ஆனால் திங்கட்கிழமைக் கேழ்வரகு மறுபடி அடுத்த திங்கட்கிழமைதான் வருகிறது. பத்து முறை படவேண்டும் என்றால் பத்து வாரம். அதற்குள் எல்லோருக்கும் பொறுமை போய்விடும்.

2001-இல் அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லாவும் அவர் குழுவும் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்துவந்த அம்மாக்களின் குழந்தைகள், கேரட் கலந்த கூழுக்கு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தனவாம். ருசி வயிற்றிலேயே தொடங்குகிறது. மனைவியிடம் படித்துக் காட்டினேன். "நான் ஒம்பது மாசமும் தயிர் சாதம், மாவடு. அப்ப இவளுக்கு மாவடு குடுத்துப் பாக்கலாமா?" என்றாள். அந்த மாதத்தில் நாங்கள் சிரித்த ஒன்றிரண்டு தடவைகளில் அது ஒன்று.

சிரிப்பு குறைந்துபோனதற்குக் காரணம் ராத்திரி. பகலில் கிரெச்சில் சாப்பாட்டையும் மறுத்து, பாட்டில் பாலிலும் பாதியை மிச்சம் வைக்கும் குழந்தை, அம்மா வீட்டுக்கு வந்ததும் கணக்கை நேர் செய்யும். இரவு 9, 11, 12.30, 2, 4, 5.15. பால் குடித்துக்கொண்டே தூங்குவாள், எடுத்தால் எழுந்துவிடுவாள். காலை 8.40-க்கு என் மனைவி கம்பெனி பஸ் பிடிக்கவேண்டும். அலுவலகத்தில் நாலு மணிக்கு ஒருமுறை பம்பை எடுத்துக்கொண்டு ஒரு சின்ன அறைக்குப் போவாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கிரெச் வசதி செய்து தரவேண்டும், அம்மா ஒரு நாளில் நாலு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்கவேண்டும் என்று அதே 2017 திருத்தம் சொல்கிறது. நல்ல சட்டம். அவள் நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருந்த கிரெச், பழைய மகாபலிபுரம் சாலையில் மூன்று கிலோமீட்டர் தள்ளி. மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டிப்போட்டிருந்த நாட்கள். நாலு முறை போய் வந்தால் அன்றைக்கு வேறு வேலை கிடையாது.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் எடை பார்த்தோம். 6.9 கிலோ. போன மாதமும் அதேதான். வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்த மருத்துவர், "கவலைப்படற அளவுக்கு இல்ல, ஆனா கவனிக்கணும்" என்றார். பிறக்கும்போது உடம்பில் சேமித்துவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீர்ந்துகொண்டே வரும், தாய்ப்பாலில் அது மிகக் குறைவு, அதனால்தான் இந்த அவசரம் என்று விளக்கினார். சொட்டு மருந்து எழுதினார். கிளம்பும்போது அவரும் கேட்டார்: "அம்மா வேலைக்குப் போறாங்களா?"

எல்லோரும் கேட்டார்கள். எதிர் பிளாட் ஆன்ட்டி, என் சித்தி, பம்ப் வாங்கின மருந்துக்கடைக்காரர். கேள்வி எப்போதும் அவளைப் பற்றி. "அம்மா பக்கத்துல இல்லல்ல, அதான் புள்ள ஏங்குது." எங்கள் இரண்டு பேர் சம்பளத்துக்கும் வித்தியாசம் ஏழாயிரம் ரூபாய். வீட்டுக் கடன் இரண்டையும் விழுங்குகிறது. ஆனால் நான் வேலையை விடுவதைப் பற்றி ஒருவர்கூட, மறந்துபோய்க்கூட, கேட்கவில்லை. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவள் சொன்னாள்: "நான் வேலைய விட்டா இவ சாப்பிடுவாளா? அத மட்டும் யாராவது எழுதிக் குடுக்கச் சொல்லு. நாளைக்கே விட்டுடறேன்."

கிரெச் ஆப்பில் கேமராவும் பார்க்கலாம். சத்தம் வராது, படம் மட்டும். எட்டாம் மாதத்தின் இரண்டாம் வாரம், ஸ்பிரின்ட் பிளானிங் கால் ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மானிட்டரில் அதைத் திறந்து வைத்திருந்தேன். மணி 12.14. அங்கே இருக்கும் அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மகளைக் காலில் போட்டுக்கொண்டார். இடது கையால் அவளது இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். வலது கையில் பாலாடை. வாயோரத்தில் வைத்து ஊற்றினார். மகளின் கால்கள் உதைத்தன. ஊற்றி, நிறுத்தி, மறுபடி ஊற்றி, முந்தானையால் வாயைத் துடைத்து, தோளில் போட்டுத் தட்டினார். மொத்தம் நாற்பது விநாடி இருக்கும். காலில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏதோ பதில் சொன்னேன்.

12.20-க்கு ஆப்பில் வந்தது: "பருப்பு சாதம், முக்கால் கிண்ணம்." மஞ்சள் முகம் முதல்முறையாகச் சிரித்தது. மனைவி எனக்கு ஒரு வரி அனுப்பினாள், நாலு ஆச்சரியக்குறியோடு. கேமராவில் பார்த்ததை அவளிடம் எப்படிச் சொல்வது என்று சாயந்திரம்வரை யோசித்தேன்.

அந்த அக்காவை வில்லியாக்கி இந்தக் கட்டுரையை எழுதுவது சுலபம். ஆனால் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும், சங்கிலோ பாலாடையிலோ புகட்டுவதும் நம் வீடுகளில் நேற்றுவரை நடந்ததுதான், இன்றும் நடக்கிறது. என்னையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள். "புகட்டு" என்ற சொல்லிலேயே குழந்தையின் சம்மதம் இல்லை. "ஊட்டு" கொஞ்சம் பரவாயில்லை, "உண்" அதற்குள் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் பிள்ளைக்குச் சோறு "தீத்துறது" என்பான், அது "தின்" என்பதிலிருந்து வருவது. உண்ணவைப்பது, தின்னவைப்பது எல்லாம் குழந்தையும் ஏதோ ஒன்று செய்தால்தான் நடக்கும். புகட்டுவதற்கு ஒருவர் போதும்.

மறுநாள் நேரில் போனேன். அக்கா என்னைத் தனியாகப் பார்த்ததும் புரிந்துகொண்டார். செம்மஞ்சேரி குடியிருப்பிலிருந்து வருகிறவர். மெதுவாகத்தான் பேசினார்.

"சார், பாப்பா சாப்பிடலன்னு எழுதினா மேடம் எங்கள கேப்பாங்க. மேடத்த அம்மாங்க கேப்பாங்க. மூணு ஸ்பூனாச்சும் உள்ள போயிருக்கணும் சார். ஒம்பது புள்ளைங்க, நாங்க ரெண்டு பேரு. என் பேரனுக்கு நான் இப்படி ஊட்ட மாட்டேன். அவனுக்கு பால்வாடில குடுக்கிற சத்துமாவ உருண்ட புடிச்சு கைல குடுத்துருவேன், அவன் ஊரெல்லாம் பூசிக்கினு தின்னுவான். இங்க பூசினா யாரு தொடைக்கிறது?"

திரும்பி வரும்போது பைக்கில் கணக்குப் போட்டேன். ஒன்பது குழந்தை, மூன்று வேளை, ஒரு வேளைக்கு 25 நிமிடம்: 675 நிமிடம். இரண்டு பேர், ஆளுக்கு ஒன்பது மணி நேரம்: 1080 நிமிடம். மிச்சம் 405. ஒரு குழந்தைக்கு 45 நிமிடம். அதற்குள் ஒரு நாளின் அத்தனை டயப்பரும், தூங்கவைப்பதும், அழுதால் தூக்குவதும், அக்காக்கள் தாங்கள் சாப்பிடுவதும் நடக்கவேண்டும். நாற்பது விநாடிப் பாலாடை எங்கிருந்து வந்தது என்று இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

என் மகளுக்கு அளவு எழுதவேண்டாம், துப்பினால் விட்டுவிடுங்கள், நாங்கள் கேட்கமாட்டோம் என்று நிர்வாகத்துக்கு மெயில் போட்டேன். பதில் பணிவாக வந்தது. உணவுப் பதிவு அவர்களது கொள்கையாம், ஒரு குழந்தைக்கு மட்டும் மாற்ற முடியாதாம். ஒன்பது மாதம் முடிவதற்குள் திட உணவு எடுக்கத் தொடங்காவிட்டால், பொறுப்பு கருதி, இடத்தைத் தொடர முடியாமல் போகலாம் என்றும் கடைசியில் ஒரு வரி. அன்று ராத்திரி என் மனைவி ராஜினாமாக் கடிதம் எழுதினாள். அனுப்பவில்லை. டிராஃப்டில் வைத்தாள். மூன்று வருடமாகக் காத்திருந்த லீட் பதவி அந்தக் காலாண்டில் வரவேண்டியிருந்தது.

அந்த வாரத்தில்தான் கிளாரா டேவிஸைப் படித்தேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர். 1928-இல் முதல் அறிக்கை, அப்புறம் சிகாகோவில் 15 குழந்தைகளை வைத்து வருடக்கணக்கில் நடத்திய சோதனை; அதன் முடிவுகளை 1939-இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் எழுதினார். பால்குடி மறந்த, அதுவரை வேறு எதையும் ருசி பார்க்காத குழந்தைகள். அவர்கள் முன்னால் தனித்தனிக் கிண்ணங்களில் பழம், காய், தானியம், இறைச்சி, முட்டை, பால் என்று சாதாரண உணவுகள். பட்டியலில் மொத்தம் 34, வேளைக்குச் சில. சர்க்கரை கிடையாது, ஒன்றோடொன்று கலந்த பண்டம் கிடையாது, உப்புகூடத் தனிக் கிண்ணத்தில். எதை எடுக்கவேண்டும், எவ்வளவு எடுக்கவேண்டும் என்பது குழந்தையின் பாடு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி தின்றது, விநோதமான சேர்க்கைகளில். எல்லாமே நன்றாக வளர்ந்தன. எலும்பு வளைந்து ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தைக்கு ஒரு கிண்ணத்தில் மீன் எண்ணெயும் வைத்தார்கள். நோய் தீரும்வரை அது தானாகவே எடுத்துக் குடித்தது, தீர்ந்தபின் விட்டுவிட்டது.

பலரும் இந்தக் கதையை "குழந்தைக்கு எல்லாம் தெரியும்" என்று முடித்துவிடுகிறார்கள். டேவிஸே அப்படிச் சொல்லவில்லை. சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார். எதை எடுத்தாலும் தப்பாகிவிடாத பட்டியல் அது. அமெரிக்க உணவு ஆலோசகர் எலின் சாட்டர் 1980-களில் இதையே பொறுப்புப் பிரிவினையாகச் சொன்னார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் கையில், சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தை கையில். எனக்கு இவை எல்லாவற்றையும்விட மனதில் தங்கியது டேவிஸ் தன் தாதிகளுக்குக் கொடுத்த உத்தரவு. ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் சும்மா உட்காருங்கள். நீட்டாதீர்கள். குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினால் மட்டும் அதிலிருந்து எடுங்கள், வாயைத் திறந்தால் மட்டும் வையுங்கள். தின்றதைப் பற்றியும் தின்னாததைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

சும்மா உட்கார ஒரு ஆள். 405 நிமிடக் கணக்கில் அந்த ஆளுக்கு எங்கே இடம்? டேவிஸின் குழந்தைகளுக்குத் தாதி இருந்தார், பெற்றோர் பக்கத்தில் இல்லை. மருத்துவமனை வார்டிலேயே வருடக்கணக்கில் வளர்ந்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அந்தப் பதினைந்து பேரும் பெரியவர்களாகி என்ன சாப்பிட்டார்கள் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

பெரும்பாக்கத்தில் ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவைப் பற்றி எங்கள் வீட்டில் சமையலுக்கு வருகிறவர்தான் சொன்னார். அங்கன்வாடியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் டீச்சரம்மா. ஐந்து குழந்தைகள், அவரும் அவர் மருமகளும். ஆப் இல்லை, கேமரா இல்லை, மெனு அட்டை இல்லை. மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "கேமரா இல்லாம எப்படி?" என்று என் காதில் கேட்டாள். நியாயமான கேள்வி. கேமராவில் பார்த்தது என்ன என்பதை அதற்குள் அவளுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

டீச்சரம்மா எங்களை ஒன்றுதான் கேட்டார்: "வீட்ல நீங்க சாப்பிடறப்ப புள்ள எங்க இருக்கும்?" யோசித்தால், அவள் தூங்கும்போதுதான் நாங்கள் சாப்பிடுகிறோம். மாறி மாறி, நின்றுகொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு. அவள் பிறந்ததிலிருந்து ஒரு மனிதர் சோறு சாப்பிடுவதை முழுசாகப் பார்த்ததே இல்லை.

முதல் ஐந்து நாள் அவர் எதுவும் ஊட்டவில்லை. மற்ற நாலு பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட, மகளை நடுவில் ஒரு காலி டம்ளரும் ஸ்பூனும் கொடுத்து உட்காரவைத்தார். பாட்டில் பால் மட்டும். ஐந்து நாளும் எங்களுக்கு நெருப்பில் நிற்கிற மாதிரி. ஆறாம் நாள், பக்கத்திலிருந்த ஒன்றரை வயதுப் பையனின் தட்டிலிருந்து ஒரு துண்டு இட்லியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாளாம். அவன் அழுதானாம். மறுநாள் அவளுக்கும் ஒரு தட்டு. அதற்கடுத்த பத்து நாளும் காலையில் அதே இட்லி, மதியம் அதே பருப்பும் நெய்யும் பிசைந்த குழைந்த சாதம். "தினம் ஒண்ணு மாத்தாதீங்க தம்பி. இன்னிக்கு பாத்தது நாளைக்கும் இருக்குதான்னு புள்ளைக்குத் தெரியணும்." எந்த ஆய்வும் படிக்காமல்.

மாலையில் கூப்பிடப் போனால் காதுமடலில் சோறு, புருவத்தில் பருப்பு. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பியின் பாட்டு ஒன்று உண்டு, 188-ஆவது. குறுகுறுவென்று நடந்து வந்து, சிறு கையை நீட்டி, கலத்திலிருக்கும் நெய்ச்சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பற்றியது. பள்ளியில் மனப்பாடப் பகுதியாகப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது பார்த்தால், அதில் யாரும் ஊட்டுவதே இல்லை. எல்லாச் செயலும் குழந்தையுடையது. எழுதியவர் அரசர், அதனால் அப்புறம் அந்தக் குழந்தையையும் தரையையும் கழுவியது யார் என்று பாட்டில் வராது. டீச்சரம்மா வீட்டில் அதை அவர் மருமகள் செய்கிறார். மாதம் நாங்கள் கொடுக்கும் பணம் முந்தைய கிரெச்சைவிட மூவாயிரம் குறைவு. அது சரியில்லை என்று எங்கள் இருவருக்கும் பட்டு, மூவாயிரத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். முதல் மாதம் வாங்க மறுத்தார். இரண்டாம் மாதம் மருமகள் வாங்கிக்கொண்டார்.

எல்லாம் சுபம் என்று சொல்லவில்லை. ஒன்பதாம் மாதம் காய்ச்சல் வந்து, பத்து நாள் மறுபடி பால் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இட்லித் துண்டு உள்ளே போய், அவள் முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, குவ்வென்று சத்தத்தோடு ஓங்கரித்தாள். சத்தம் வந்தால் காற்று போகிறது, குழந்தை தானே வெளியே தள்ளும், விரலை விட்டு நோண்டக்கூடாது. சத்தமே இல்லாமல் முகம் நீலம் பாய்ந்தால்தான் மூச்சடைப்பு, அப்போது ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும், அதற்கான முதலுதவியை வீடியோ பார்த்துப் பழகியும் இருந்தேன். தெரிந்தும் அந்த எட்டு விநாடியில் என் கை நடுங்கியதை மனைவி பார்த்தாள். இட்லி வெளியே வந்து விழுந்தது. மகள் அதை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

லீட் பதவி வந்தது, கூடவே ராத்திரி கால்களும். ராஜினாமாக் கடிதம் இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது. அழிக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "இருக்கட்டும்" என்றாள். பத்தாம் மாத எடை 7.8. வளர்ச்சிக் கோட்டில் இன்னும் கீழ்ப்பக்கம்தான், ஆனால் புள்ளி மேலே ஏறியிருக்கிறது. மருத்துவர் இந்த முறை வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

தினமும் சாயந்திரம் மகளைத் தூக்கிக்கொண்டு செருப்பு மாட்டும்போது மனைவி கேட்காமல் இருக்கமாட்டாள். நேற்றும் கேட்டாள்.

"மத்தியானம் எவ்ளோ சாப்பிட்டாம்மா?"

டீச்சரம்மா பாயை உதறிக்கொண்டிருந்தார். "நான் எங்கம்மா அளந்தேன்? நாளைக்குக் காலைல டயப்பர்ல பாத்துக்கோங்க."